சின்னத்திரைத் தோழர்கள் கேட்கும் கேள்வி வீட்டிலும் தொடரட்டும்

நாய்க்குட்டியின் நீலநிறக் கால்தடம் திரையின் ஓரத்தில் தெரிகிறது. நிகழ்ச்சி நடத்துநரின் கண்ணுக்கு மட்டும் அது படவில்லை. “எங்கே, எங்கே?” என்று தேடுகிறார். பிறகு நேராகத் திரையைப் பார்த்துப் பேசாமல் நிற்கிறார். சோபாவில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளை எழுந்து, விரலை நீட்டி, “அதோ, அங்கே!” என்று கத்துகிறது.

பெரியவர்களுக்கு அந்தச் சில விநாடி மௌனம் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால், அது திட்டமிட்டே வைக்கப்பட்டது. பாலர்களுக்கான நல்ல நிகழ்ச்சிகள் பிள்ளையின் ஆர்வத்தைத் தூண்டும் விதமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

*கண் எப்போது விலகுகிறது?*

தொலைக்காட்சி வழியாகப் பாலர்களுக்கு முறையாகக் கற்பிக்கலாம் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டிய நிகழ்ச்சி ‘செசமி ஸ்திரீட்’. 1969 நவம்பரில் அது அமெரிக்காவில் ஒளியேறத் தொடங்கியது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் எழுத்தும் எண்ணும் அறிந்து பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஒளிபரப்புக்கு முன்பே ஆய்வாளர்கள் நிகழ்ச்சியைப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டினர். தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே, சில விநாடிக்கு ஒருமுறை மாறும் வேறு படங்களையும் வைத்தனர். பிள்ளையின் கண் எந்த இடத்தில் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டனர். மனிதர்கள் மட்டுமே பேசிய தெருக் காட்சிகளில் கவனம் சிதறியது. பொம்மைகள் வந்தபோது திரும்பி வந்தது. அதன் விளைவாகவே மனிதர்களோடு தெருவில் நடமாடும் பெரிய மஞ்சள் பறவை ‘பிக் பேர்ட்’ உருவானது.

அந்நிகழ்ச்சி தெளிவாகக் கிடைத்த வட்டாரங்களில் வளர்ந்த பிள்ளைகள், வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததாகப் பொருளியல் ஆய்வாளர்கள் மெலிசா கியர்னியும் ஃபிலிப் லெவினும் 2019ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

*தெரியாது என்று சொல்லும் தோழன்*

தொடக்கத்தில் கண்ட நாய்க்குட்டி, 1996ல் தொடங்கிய ‘புளூஸ் குளூஸ்’ நிகழ்ச்சியைச் சேர்ந்தது. ஒவ்வொரு பகுதியிலும் மூன்று துப்புகளைச் சேர்த்து ஒரு விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினர்.

பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டவில்லையா? 1999ல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து முறை பார்த்த பிறகும் பிள்ளைகளின் கவனம் பெரும்பாலும் குறையவில்லை. மாறாக, அவர்கள் பதில் சொல்வதும் சுட்டிக்காட்டுவதும் அதிகரித்தன. முதல் நாள் புரியாமல் பார்த்த பிள்ளை, ஐந்தாம் நாள் நடத்துநருக்கே சொல்லித் தருகிறது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இந்தக் கதாபாத்திரங்கள் எல்லாம் அறிந்தவர்களாக வருவதில்லை. ‘எல்மோ’வுக்கு வயது எப்போதும் மூன்றரை. அவனுக்கும் பல விஷயங்கள் தெரியாது. கேட்கிறான், தவறு செய்கிறான், மறுபடியும் முயல்கிறான். தெரியாததைக் கேட்பது வெட்கப்பட வேண்டியதன்று என்பதைப் பிள்ளை அவனிடமிருந்து கற்றுக்கொள்கிறது.

*வேகம் கூடினால் கவனம் குறையும்*

பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி எல்லாமே ஒன்றல்ல. அமெரிக்காவின் வர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நான்கு வயதுப் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவு வேகமாக மாறும் கேலிச்சித்திரத்தையும், மற்றொன்று நிதானமான கல்வி நிகழ்ச்சியையும் ஒன்பது நிமிடம் பார்த்தன. மூன்றாவது பிரிவினர் படம் வரைந்தனர். உடனே நடத்தப்பட்ட கவனம், சுயகட்டுப்பாடு தொடர்பான சோதனைகளில் வேகமான சித்திரத்தைப் பார்த்தவர்களே பின்தங்கினர். அந்த ஆய்வு 2011ல் வெளியானது.

*திரையால் முடியாதது*

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கூல் 2003ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழி அறிமுகப்படுத்தப்பட்டது. நேரில் ஒருவர் கொஞ்சிப் பேசி விளையாடியபோது, குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றனர். அதே பேச்சைக் காணொளியில் பார்த்த குழந்தைகளிடம் அந்தத் திறன் வளரவில்லை.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கும் துணை தேவைப்படுகிறது. ‘டேனியல் டைகர்ஸ் நெய்பர்ஹுட்’ நிகழ்ச்சியைப் பார்த்த இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தனர். பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி உரையாடும் வீடுகளில்தான் பிள்ளைகளிடம் பிறர் உணர்வை அறியும் திறனும் தன்னம்பிக்கையும் கூடின.

*பாட்டி கேட்கட்டும்*

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் பொருள் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசும் இந்தியர்கள் பாதிக்கும் மேல். பாலர்கள் விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சிகளில் பலவும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நிகழ்ச்சியின் மொழியை மாற்ற முடியாவிட்டாலும், அதைப் பற்றி வீட்டில் பேசும் மொழி தமிழாக இருக்கலாம்.

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டி இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். “அந்த நாய் ஏன் அழுவுது? எனக்குப் புரியலையே, சொல்லு கண்ணு” என்று பாட்டி கேட்டால், பிள்ளை பார்த்ததை நினைவுகூர்ந்து, வரிசைப்படுத்தி, தமிழ்ச் சொல்லைத் தேடிப் பதில் சொல்ல வேண்டும். பாட்டிக்கு உண்மையிலேயே ஆங்கிலம் புரியாவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு ஆசிரியராகும் பெருமை கிடைக்கும்.

நேரத்திலும் கவனம் வேண்டும். சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 18 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை நேரம் கூடாது. அதற்கு மேல் ஆறு வயது வரை, பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்திற்குள் இருக்க வேண்டும்.

அந்த நேரத்திற்குள் நிதானமான ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து உடன் உட்காரலாம். நடுவே நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்கலாம். கேட்டபின், அந்த நடத்துநரைப் போலவே பேசாமல் காத்திருக்க வேண்டும். பதிலை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பிள்ளை யோசிக்க வேண்டிய அந்தச் சில விநாடிகள் வீணாகிவிடும்.