அம்மா வீட்டு வயம்பா... மாமியார் வீட்டுச் சேனையா?

"நல்ல மனுசன் கையால சேனை வச்சாத்தாம்மா பிள்ளைக்கு அவரு குணம் வரும்!" என்பார் கம்பத்து மாமியார்.

"எங்க பக்கம் பொன்னும் வயம்பும் தேன்ல உரைச்சு நாக்குல தடவுவாங்க, அத்தை. புத்தி வளரும்" என்பாள் இடுக்கியிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள்.

குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு... வேலைக்கும் கல்யாணத்துக்கும் பெண்கள் போய் வரும் மலைப்பாதைகள் இவை. ஏலத்தோட்ட வேலைக்கு வரும் வடமாநிலத் தாய்மார்களுக்கோ 'குட்டி' என்ற மருந்துச் சாறு. ஊர்தான் வேறு; முதலில் நாக்கில் படுவதே பிள்ளையின் குணத்தையும் நலத்தையும் தீர்மானிக்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்!

நம்பிக்கைக்கு இத்தனை பலம் உண்டா? உண்டு. கென்யாவில் கிப்சிகிஸ் இனத் தாய்மார்கள் தரையில் சிறு குழி தோண்டி, துணி வைத்துக் குழந்தையை உட்காரப் பழக்குவார்கள். அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் சூப்பர், 1976-ல் வெளியான ஆய்வில் ஒன்றைக் காட்டினார். அமெரிக்கக் குழந்தைகளைவிட அந்தக் குழந்தைகள் சீக்கிரமே உட்கார்ந்தன, நடந்தன. பழக்காத தவழ்தலில் மட்டும் அந்த வேகம் இல்லை! அம்மா நம்புவது பழக்கமாகிறது. பழக்கம் பிள்ளையின் உடம்பில் தெரிகிறது. நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான்.

பெற்ற தாய் பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு, பிறந்த வீட்டு வழக்கம்தான் துணை. "உங்க ஊர்ப் பழக்கமெல்லாம் இங்க வேணாம்" என்று ஒதுக்காதீர்கள். ஊர் பார்க்காமல், பிள்ளைக்கு ஆகுமா என்று பாருங்கள்.

விட வேண்டியவை: ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கும் கிருமி விதைகள் நரம்பைத் தளர்த்தும் 'பாட்டுலிசம்' நோயைத் தரலாம். ஆறு மாதம்வரை சர்க்கரைத் தண்ணீர், வசம்பு, குட்டி எதுவும் வேண்டாம், தாய்ப்பால் மட்டுமே. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். சில கண்மைகளில் ஈயம் இருப்பதால் கண்ணுக்குள் மை வேண்டாம்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: இதமாக எண்ணெய் தேய்த்து விடுவது, எந்த மொழியிலானாலும் தாலாட்டு. ஆறு மாதம் முடிந்ததும் நம்மூர் கேழ்வரகுக் கூழும் சரி, கேரளத்து வாழைக்காய் மாவுக் கூழும் சரி... தாய்ப்பாலோடு சேர்த்து இரண்டுமே கொடுக்கலாம்.

சரி, சேனை? குடும்பத்துக்குப் பிடித்த பெரியவர் தாராளமாக வரட்டும், மனதார வாழ்த்தட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையின் நாக்கில் படுவது மட்டும் அம்மாவின் சீம்பாலாக இருக்கட்டும்!