பாலத்துக்குச் சான்றிதழ் உண்டு, சோதனை நடந்ததா?

மும்பையில் தாராவியையும் சயானையும் இணைத்த ரயில்வே மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடப்பட்டது. அருகிலுள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப் மக்களுக்குச் சுற்றிப் போகும் அலைச்சல். ஆனாலும் நூறு வயது தாண்டிய அந்தப் பாலத்தில் உயிர்ப்பலிக்கு முன்பே விழித்துக்கொண்டார்கள். சிஎஸ்எம்டி ரயில் நிலையம் அருகே இருந்த ஹிமாலயா நடைமேம்பாலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில்லறைப் பழுது பார்த்தால் போதும் என்று தணிக்கையில் தேறிய பாலம், 2019 மார்ச் 14 மாலை இடிந்தது. ஆறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

கண்ணுக்குத் தப்பும் விரிசல்

வண்டிகள் போகும் ஒவ்வொரு முறையும் இரும்பு உத்தரம் துளி வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். இதை உலோகச் சோர்வு என்பார்கள். ரிவெட் துளை, வெல்டிங் ஓரம், துருவேறிய மூலை ஆகிய இடங்களில் மயிரிழை விரிசல் விழும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. 1967-இல் அமெரிக்காவின் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். தொடக்கம், ஓர் இரும்புச் சட்டத்தில் இருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் விரிசல்.

அலை காட்டிக்கொடுக்கும்

இப்படி மறைந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க வழிப்படுத்திய மீயொலி அலை என்றொரு முறை உண்டு. உத்தரத்தில் ஒட்டிய சிறு வில்லை அலையை அனுப்பும். அது இரும்பின் உடம்போடு நெடுந்தூரம் ஓடி, விரிசலில் பட்டால் ஒரு பங்கு திரும்பிவரும். பழைய பதிவோடு ஒப்பிட்டால் புதுக் கோளாறு தெரியும். தென்னாப்பிரிக்காவின் சிஷன்–சல்தானா ரயில்பாதையில் தண்டவாள முறிவைக் கண்டுபிடிப்பது இதே வகை அலைதான். குறையும் உண்டு. வெயிலில் இரும்பு சூடானாலே அலையின் வேகம் மாறும்; ரிவெட்டும் எதிரொலிக்கும்; கான்கிரீட்டில் அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் கருவி சந்தேகப்பட்ட இடத்தை வல்லுநர் நேரில் சோதித்தே ஆகவேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். உங்கள் பகுதிப் பாலத்தில் கடைசிச் சோதனை எப்போது, கண்ணால் பார்த்தார்களா, கருவி வைத்தார்களா, சொன்ன பழுதைச் சரிசெய்தார்களா என்று கேட்டு, அறிக்கையின் நகலும் கேளுங்கள்.

• 30 நாளில் பதில் வரவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

• பாலம் ரயில்வேயுடையதா மாநகராட்சியுடையதா என்ற இழுபறி உங்கள் பாடல்ல. தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை.

• 30 வயது தாண்டிய குடியிருப்புக் கட்டடத்துக்கும் தணிக்கை கட்டாயம் என்கிறது மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு.

• புதிய அதிர்வு, தொங்கும் கம்பி, உதிரும் காரை கண்டால் படம் எடுத்து மாநகராட்சியின் 1916 எண்ணுக்குச் சொல்லுங்கள். ரயில் நிலையம் என்றால் 139.

தமிழில் எழுதிய தகவல் உரிமை மனுவை மும்பையில் ஏற்கமாட்டார்கள். மராத்தி, இந்தி அல்லது ஆங்கிலம் வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலே போதும். அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது தகவல் அலுவலரின் பொறுப்பு.