பழைய ஏ.சி.யைக் கழற்றி புதுசு மாட்டுகிறீர்களா? உஷார்!

அரை மணி நேர அவசர வேலை. ஆபத்து உங்கள் தலையில்!

சென்னை,–

2018–ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னை கோயம்பேட்டில் ஏ.சி. போட்ட படுக்கை அறையில் தூங்கிய கணவன், மனைவி, சிறுவனான மகன் ஆகிய 3 பேரும் மறுநாள் பிணமாகக் கிடந்தனர். ஏ.சி.யில் இருந்து கேஸ் கசிந்திருக்கலாம் என்று போலீசார் அப்போது சந்தேகம் தெரிவித்தனர். நகரமே திடுக்கிட்டது.

அடுத்த ஆண்டு மே மாதம். திண்டிவனத்தில் தந்தை, தாய், மகன் 3 பேர் தீயில் கருகிச் செத்தனர். ஏ.சி. வெடித்து விட்டது என்றுதான் முதலில் பேச்சு. போலீசார் துருவினார்கள். பெட்ரோல் குண்டு வீசிக் கொன்றதாக அந்த வீட்டு மூத்த மகனும் அவரது மனைவியும் கைதானார்கள். ஏ.சி. நிரபராதி!

ஆக, எல்லாப் பழியையும் ஏ.சி. தலையில் போட முடியாது. அதற்காக ஏ.சி.யை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. எந்திரம் தானாகக் கெடுவதைவிட, அதை மாட்டுகிறவர் கெடுப்பதுதான் அதிகம்.

2003 மே 31–ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் அடித்ததே, அதைச் சென்னைவாசிகள் மறக்கவில்லை. இன்று மயிலாப்பூர் மாட வீதி சந்துகளில்கூட வீட்டுக்கு வீடு ஏ.சி. தொங்குகிறது. 2025 செப்டம்பர் 22–ந்தேதி ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. வரி 28–ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழசைத் தூக்கிப் போட்டு புதுசு வாங்க இதைவிடச் சமயம் வேண்டுமா? ஆனால் கடையில் பேரம் பேசும் ஆர்வம், வீட்டில் மாட்டும்போது யாருக்கும் இருப்பதில்லை.

ஐஸ் அவுஸ் கணக்கு

முதல் கேள்வி, எத்தனை டன்?

"பெருசாவே போட்டுடுங்க, சீக்கிரம் கூலாகும்" என்பது வீட்டுக்காரர் ஆசை. இது தப்பு.

டன் என்றால் எந்திரத்தின் எடை அல்ல. சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். ஐஸ் கட்டி விற்ற காலத்துக் கணக்கு இது. நம் ஊர் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அந்தக் கட்டிடமே 1842–ல் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐசை வைக்கக் கட்டியதுதான். அதனால்தான் அந்த வட்டாரத்துக்கு 'ஐஸ் அவுஸ்' என்று பெயர்.

சின்ன அறையில் பெரிய ஏ.சி. போட்டால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஷர் நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது. கடலோரச் சென்னையில் ஈரம்தான் பெரிய எதிரி. ஜில்லென்று இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும்!

பொதுவாக 120 சதுர அடி அறைக்கு ஒரு டன், 180 சதுர அடி வரை ஒன்றரை டன் என்பது தொழிலில் உள்ள கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்கு வெயில் அடிக்கும் அறை என்றால் கூடுதலாக வேண்டும். அறையைப் பார்க்காமலே டன் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

கேஸ் மாறிப்போச்சு

பழைய ஏ.சி.களில் இருப்பது பெரும்பாலும் ஆர்–22 கேஸ். ஓசோன் படலத்தை அரிக்கும் சரக்கு. 2025 தொடக்கத்தில் இருந்து நம் நாட்டில் புது எந்திரம் தயாரிக்க இதைப் பயன்படுத்த முடியாது. இப்போது கடையில் விற்பது பெரும்பாலும் ஆர்–32. இது லேசாகத் தீப்பிடிக்கும் ரகம். ஆர்–290 கேஸ் உள்ள எந்திரமும் உண்டு. அது வேறு ஒன்றும் இல்லை, புரொப்பேன். நம் சமையல் கேசின் உறவுக்காரன்.

ஒன்றரை டன் எந்திரத்தில் உள்ள கேஸ் சுமார் ஒரு கிலோதான். ஆனால் அது காற்றைவிடக் கனம். ஜன்னல் சாத்திய சிறிய அறையில் கசிந்தால் தரையோடு தங்கும், மூச்சுவிடக் காற்று குறையும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். படுக்கப் போகும் முன் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்தால் குடி முழுகிப் போகாது.

பழைய பைப்பு வேண்டாம்

"சுவத்துக்குள்ள காப்பர் பைப் இருக்கு சார், அதுலயே கோத்துடலாம், செலவு மிச்சம்."

இந்த வசனத்தில் மயங்கினால் பின்னால் இரட்டைச் செலவு. ஆர்–32 ஓடும் அழுத்தம், ஆர்–22 அழுத்தத்தைப்போல சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆயிலும் வேறு. பழைய பைப்பில் ஒட்டியிருக்கும் ஆயிலும் அழுக்கும் புது கம்ப்ரஷருக்கு எமன். சுவருக்குள் புதைத்த பைப்பில் கசிவு வந்தால் கண்டுபிடிக்கவும் முடியாது. புது எந்திரத்துக்குப் புது பைப் போடுவதே உத்தமம்.

"புஸ்" வித்தை

மாட்டும் வேலையில் முக்கியமான கட்டம் இதுதான். பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவதும் இங்குதான்.

பைப்பை இணைத்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு 20 முதல் 30 நிமிடமாவது ஆகும். பிறகு பம்பை நிறுத்தி, மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு.

அவசரக்காரர் என்ன செய்கிறார்? நட்டைத் தளர்த்தி, எந்திரத்தில் உள்ள கேசையே கொஞ்சம் திறந்து விட்டு "புஸ்" என்று காற்றைத் தள்ளுகிறார். ஒரு நிமிட வேலை. அன்று ஏ.சி. ஜோராகக் குளிரும். ஆனால் உள்ளே தங்கிய ஈரம் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஷரை மெல்ல மெல்லத் தின்னும். அடுத்த கோடையில் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று மறுபடி வருவார். கேஸ் பெட்ரோல் இல்லை, ஓடி ஓடித் தீர்ந்து போக. குறைந்தால் கசிவு என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

கசிவைச் சோதிக்க நைட்ரஜன்தான் அடைக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். அழுத்தமான ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் குண்டு மாதிரி வெடிக்கும்!

தலைக்கு மேல் கத்தி

2024 ஆகஸ்டு மாதம் டெல்லி கரோல்பாக்கில் தெருவில் இருந்த 18 வயது வாலிபர் மீது மாடியில் இருந்து ஏ.சி.யின் அவுட்டோர் பெட்டி விழுந்தது. அவர் உயிரே போய்விட்டது.

மயிலாப்பூரின் பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியவை. அதில் போல்ட்டு முடுக்கினால் பிடிப்பு நிற்காது. பெசன்ட் நகர், அடையாறு பக்கம் உப்புக் காற்று. இரும்பு ஸ்டாண்டு கண் முன்னாலேயே துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிரும். புது ஏ.சி.யைப் பழைய ஸ்டாண்டில் ஏற்றவே கூடாது. முடிந்தால் மொட்டை மாடியிலோ, தரையிலோ வையுங்கள். வெயிலில் மாடி விளிம்பில் கயிறுகூடக் கட்டாமல் தொங்கும் தொழிலாளியும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பெல்ட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில் குறைந்து போய்விட மாட்டோம்.

தண்ணீர் பைப் சரிவாக இறங்கி வடிகாலில் சேர வேண்டும். தி.நகர் பிளாட்டுகளில் கீழ்வீட்டு பால்கனியில் சொட்டு விழுந்தால், அது ஸ்டேஷன் வரை போகும் சண்டை.

ஒயர் சூடு

ஏ.சி.க்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் கட்டாயம். ஒன்றரை டன்னுக்கு 4 சதுர மில்லி மீட்டர் ஒயர் போட்டால் நிம்மதி. டி.வி., பிரிட்ஜ் ஓடும் பழைய லைனில் சொருகினால் பிளக் கருகும். அதுவே தீ விபத்தின் முதல் அறிகுறி. இரண்டாவது, மூன்றாவது ஏ.சி. போடும் முன் இ.பி. ஆபீசில் மின்சுமையைக் கூட்டி வாங்க வேண்டும்.

பழசு எங்கே போகுது?

"பழசை நானே எடுத்துட்டுப் போயிடுறேன்" என்பார் மெக்கானிக். பெருந்தன்மை இல்லை, உள்ளே இருக்கும் செம்புக்கு நல்ல விலை! பைப்பை வெட்டிக் கேசைத் தெருவில் திறந்து விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முறைப்படி, வால்வை மூடிக் கேசை அவுட்டோர் பெட்டிக்குள் இழுத்து அடைத்த பிறகே கழற்ற வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் சேர்த்தி. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் பில், வாரண்டி கார்டு இரண்டையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2020 ஜனவரி முதல் வரும் ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் துவங்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிட்டு மின்விசிறியும் சேர்த்துப் போட்டால் கரண்ட் பில் இறங்கும்.

மெக்கானிக் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "வேக்கம் பம்ப் கொண்டு வந்தீங்களா தம்பி?"

தலையைச் சொறிந்தால், எந்திரத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்!