15,000 பாட்டுக் கட்டிய தங்கத் தாத்தா! தெரியுமா?

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் போனால் வயலிலும் தோட்டத்திலும் வெருளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வைக்கோல் மனிதனையே கதாநாயகனாக்கிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டியவர் ஒருவர் இருந்தார், தெரியுமா? நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர்! அவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்க்குப் பக்கத்து நவாலியில். பாட்டோ பாடப்புத்தகத்தில் ஏறி, வாவியைத் தாண்டிப் படுவான்கரைப் பிள்ளைகளின் வாய்க்கும் வந்துவிட்டது!

அந்த வெருளிப் பாட்டில் என்ன விசேஷம்? கத்தரித் தோட்டத்து நடுவில் நிற்கிறான் ஒரு காவல்காரன். சம்பளம் கேட்கமாட்டான்! நித்திரை கொள்ளமாட்டான்! இப்படி ஒரு வேலையாள் யாருக்குக் கிடைப்பான்? பாட்டைக் கேட்கும் பிள்ளை வெருளியைப் பார்த்துப் பயப்படுவதா, இரக்கப்படுவதா என்று திண்டாடிப்போகும்!

புலவர் மொத்தம் எத்தனை பாட்டுப் பாடினார் தெரியுமா? நூறா? ஆயிரமா? 15,000க்கும் மேல் என்கிறார்கள்! நாளுக்கு ஒன்று என்று ஒருநாளும் தவறாமல் எழுதினாலும் 41 வருடம் வேண்டும்! இத்தனைக்கும் அவருக்குப் பாட்டு முழுநேர வேலை இல்லை. வட்டுக்கோட்டையில் சுமார் 40 வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாத்தியார் அவர்!

இன்னொன்று கேளுங்கள். பாப்பா பாட்டுத் தந்த பாரதியாரைவிட இவர் வயதில் மூத்தவர், தெரியுமா? இவர் பிறந்தது 1878 மே 25. பாரதி பிறந்தது 1882! கடலுக்கு அந்தப் பக்கம் நாஞ்சில் நாட்டில் இருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்ததோ 1876. புலவர் மறைந்தது 1953, கவிமணி மறைந்தது 1954. இருவருமே ஆசிரியர்கள், இருவருமே பிள்ளைகளுக்குப் பாடியவர்கள்! என்ன பொருத்தம் பாருங்கள்!

அடுத்தது என் மனதுக்கு மிகப் பிடித்தது. ஒரு பாட்டுக்குள் ஒரு சமையல் குறிப்பையே ஒளித்து வைக்க முடியுமா? புலவர் வைத்தார்! அதுதான் ஆடிப்பிறப்புப் பாட்டு. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அரிசிமா வருகிறது, வறுத்த பயறு வருகிறது, தேங்காய் வருகிறது, பனங்கட்டி வருகிறது! கூழ் கொதிக்கிறது, கொழுக்கட்டை அவிகிறது! பிள்ளைகளுக்கும் வேலை உண்டு: ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்க வேண்டும். பாட்டு முடிவதற்குள் வாய் ஊறாத பிள்ளை உண்டா? கூழ் காய்ச்சத் தெரியாத வீட்டிலும் அந்தப் பாட்டுத் தெரியும்! அதைப் பாடியவர் கண் மூடியது எப்போது தெரியுமா? 1953 ஜூலை 10. ஆடி பிறக்க ஒரு கிழமைகூட முழுதாக இருக்கவில்லை!

பால் விற்கப் போகும் வழியிலேயே பணக்காரியாகிவிட்ட பெண்ணைத் தெரியுமா? மனக்கோட்டை கட்டிக்கட்டித் தலையை ஆட்டினாள், பால் அத்தனையும் நிலத்தில்! உலகம் முழுக்கச் சுற்றிய அந்தக் கதைக்குப் பவளக்கொடி என்று தமிழ்ப் பெயர் சூட்டி, நம் ஊர்ப் பெண்ணாகவே நடமாட விட்டவரும் இவர்தான்!

பெரியவர்களுக்கு ஒன்றும் பாடவில்லையா? ஏன் இல்லை! கடவுளரைப் பாடினார், இலங்கையின் வளத்தைப் பாடினார், பனை மரத்துக்கென்றே ‘தால விலாசம்’ பாடினார்! ஆனாலும் ஊர் அவருக்கு வைத்த பெயர் தங்கத் தாத்தா! பிள்ளைப் பாட்டுகள் ‘சிறுவர் செந்தமிழ்’ என்று புத்தகமாக வந்தது 1955இல். பார்க்க அவர் இருக்கவில்லை.

அந்த வீட்டில் இவர் ஒருவர்தான் புலவர் என்று நினைத்தீர்களா? மகன் இளமுருகனாரும் புலவர்! ‘ஈழத்துச் சிதம்பர புராணம்’ அவர் பாடியது. அதற்கு உரை எழுதியவர் யார் தெரியுமா? அவர் மனைவி, பண்டிதைமணி பரமேசுவரியார்! மாமனார் புலவர், கணவர் புலவர், மருமகள் உரையாசிரியர்!