சலுகைக்கும் கணக்கு வேண்டும்!



டிப்ளமோ முடித்ததும் மறைமலை நகரில் ஒரு கம்பெனி, கையில் ஒரு அப்ரண்டிஸ் ஆர்டர். நம்மில் பலருடைய கனவு இதுதான். ஆனால் "சொந்தமா ஒரு லேத் போட்டா என்ன?" என்று கேட்கும் நண்பர்களும் நம் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். அதிலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு நண்பர்கள், "நமக்குத்தான் கவர்மெண்ட் சலுகை இருக்கே" என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கைக்குக் கொண்டுவரவும் ஒரு செலவு உண்டு. அந்தச் செலவில் எது முதலில், எது பிறகு என்று தெரியாமல் இறங்கினால் லாபம் பேப்பரிலேயே போய்விடும்.

எங்கள் மாமா கதையைக் கேளுங்கள். ஊரப்பாக்கத்தில் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் வைத்திருக்கிறார். ஒரு புரோக்கர் வந்து 'உத்யம்' பதிவுக்கு என்று 4,500 ரூபாய் வாங்கிப் போனார். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது! ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நாமே செய்து கொள்ளலாம். நான் சொன்னதும் மாமா சிரித்தார். "வீட்ல ஒருத்தன் முன்னாடியே படிச்சிருந்தா இந்தக் காசு மிச்சம்டா" என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை இதை எழுத வைத்தது.

சட்டம் தருவது என்ன?

2012-ல் மத்திய அரசு குறு, சிறு தொழில்களுக்கான பொதுக் கொள்முதல் ஆணையைப் போட்டது. 2018-ல் அதைத் திருத்தினார்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. கூட்டுத் தொழில் என்றால் 51 சதவீதப் பங்காவது அவர்களிடம் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வரியைப் பலரும் கவனிப்பதில்லை. எஸ்.சி., எஸ்.டி. தொழில்கள் டெண்டருக்கே வராவிட்டால், அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு தொழில்களிடம் வாங்கிக் கொள்ளலாம். அதாவது நாற்காலி போட்டிருக்கிறார்கள். நாம் போகாவிட்டால் வேறொருவர் உட்காருவார்!

காசு கேட்காத சலுகை முதலில்

டெண்டர் போட முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். பொதுவாக மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். பத்து லட்ச ரூபாய் டெண்டருக்கு 20,000 முதல் 50,000 வரை முடங்கும். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு இது விலக்கு. டெண்டர் படிவமும் இலவசம். ஆகவே முதல் படி உத்யம், அடுத்தது சாதிச் சான்றிதழ். இரண்டும் கையில் இருந்தாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

இன்னொன்று: குறைந்த விலை 100 ரூபாய், நம் விலை 112 என்று வையுங்கள். 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 100 ரூபாய்க்கு இறங்கி வந்தால் ஆர்டரில் ஒரு பகுதி கிடைக்கும். ஆனால் 100-க்குச் செய்தால் கட்டுப்படியாகுமா? இதைக் கணக்குப் போடாமல் தலையாட்டக் கூடாது.

தர நிர்ணயச் சான்றுகளை வாங்குபவர் கேட்டால் மட்டும் எடுங்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்க அல்ல.

பத்தாவது ஆளும் இருபதாவது ஆளும்

தொழில் வளரும்போதுதான் உண்மையான சோதனை. பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வந்துவிடும், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இருபது பேர் ஆனால் பி.எப்.; நிர்வாகக் கட்டணம், காப்பீடு சேர்த்து 13 சதவீதம். இருபது பேருக்குத் தலா 15,000 சம்பளம் என்றால் மாதச் சம்பளம் 3 லட்சம். அதன் மேல் இ.எஸ்.ஐ. 9,750, பி.எப். 39,000. மொத்தம் 48,750 ரூபாய்!

இதற்குப் பயந்து ஒன்பது பேரோடு நின்றுவிடும் பட்டறைகள் உண்டு. பத்தாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் வைப்பவர்களும் உண்டு. அது தப்பு நண்பர்களே! மெஷினில் கை மாட்டினால் அந்தத் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி செலவு யார் தருவார்? நம் அப்பாக்கள் அப்படிக் கணக்கில் இல்லாத ஆட்களாய் வேலை பார்த்தவர்கள்தானே? பயப்படுவதற்குப் பதில், விலை சொல்லும்போதே இந்தச் செலவை உள்ளே சேர்த்துச் சொல்லுங்கள். மாமா இப்போது நோட்டில் 'பேப்பர் செலவு' என்று தனிப் பக்கம் போட்டிருக்கிறார். பில் பணம் வந்ததும் அதில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறார்.

பணம் தாமதமானால்? 2006-ஆம் ஆண்டு சட்டப்படி 45 நாளுக்கு மேல் போனால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். பதிவு இருந்தால்தான் இந்த உரிமை.

பேரை விற்காதீர்கள்!

தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களைத் தொழிலில் முன்னேற்ற 2003-ல் ஒரு சட்டம் வந்தது. சிறிய நிறுவனங்களுக்குச் செலவு வைக்கவில்லை. ஆண்டு வரவு ஒரு கோடி ராண்டுக்குள் என்றால் ஓர் உறுதிமொழிப் பத்திரமே போதும். ஆனால் கறுப்பினத்தவர் பேரை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் வேறொருவர் லாபம் எடுக்கும் ஏமாற்று வளர்ந்தது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் குற்றமாக்கி, பத்தாண்டு வரை சிறை என்றது.

அங்கே மட்டும்தானா? மாமாவிடமும் ஒருவர் வந்தார். "உன் பேரையும் சர்டிபிகேட்டையும் குடு, மாசம் பத்தாயிரம் வீட்டுக்கே வரும்" என்றார். அந்த மாதம் மெஷின் தவணை கட்டவே பணமில்லை. மாமா ராத்திரி பூரா தூங்கவில்லை. காலையில், "கையெழுத்து போட்டா என் லேத்துக்கே நான் கூலியாளுடா" என்று சொல்லி மறுத்துவிட்டார்.

பணம் தேவையென்றால் நேர் வழிகள் இருக்கின்றன. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியத்தோடும் 6 சதவீத வட்டி மானியத்தோடும் வந்தது. மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். நடுவில் புரோக்கர் வேண்டாம்.

யானை வாங்கப் போகிறவன் அங்குசத்துக்கும் சேர்த்துத்தான் பணம் வைக்க வேண்டும். கதவைத் திறந்தது சட்டம். உள்ளே நிற்க வைப்பது நம் கணக்கு. படிப்போம், பட்டறை வைப்போம், பத்துப் பேருக்குக் கணக்கில் காட்டி வேலை கொடுப்போம்!

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை