மிதிவண்டி மூத்தோரும் முதல் திறன்பேசியும்

கேரள மாநிலத்தில் தமிழகத்தை ஒட்டி அமைந்துள்ள இரு எல்லைப் பகுதிகளான பாலக்காடும் இடுக்கியும் நில அமைப்பில் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் சித்தூர் வட்டம் உள்ளது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களில் தமிழ் பேசும் குடியானவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் மிகுதி. சாலைகளில் ஏற்றம் குறைவு. ஆகவே மிதிவண்டி இங்கு நெடுங்காலமாக உழைப்பாளியின் வாகனமாக விளங்கி வந்துள்ளது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலோ தேயிலையும் ஏலமும் விளையும் தோட்டங்கள் செங்குத்தான சரிவுகளில் அமைந்தவை. அங்கு மிதிவண்டிக்கு வேலை இல்லை, ஜீப்பும் நடையும்தான்.

இவ்விரு பகுதிகளிலும் அறுபது வயதைக் கடந்தவர்கள் பலர் இப்பொழுதுதான் முதன்முறையாகத் திறன்பேசியைக் கையில் எடுக்கின்றனர். அவர்களுள் மிதிவண்டியிலேயே வாழ்நாளைக் கழித்தவர்களின் நிலை தனியே ஆராயத்தக்கது. பிறர் தயவை எதிர்பாராமல் தம் காரியத்தைத் தாமே முடித்துக்கொள்ளும் வசதியை மிதிவண்டி அவர்களுக்கு அளித்தது. திறன்பேசி அந்த வசதியைப் பெருக்கவும் கூடும், பறித்துவிடவும் கூடும்.

காலில் கற்ற கல்வி

இத்தலைமுறையினர் மிதிவண்டி கற்ற விதத்தைச் சற்று நினைவுகூர்தல் பயனுடையது. சிறுவர்களுக்கென வண்டி வாங்கித் தரும் வழக்கம் அன்று அரிது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து எடுத்த பெரிய வண்டியில், குறுக்குக் கம்பியின் அடியே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பலரும் பழகினர். பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்தபடி ஓடி வருவார். எந்த இடத்தில் கையை விட்டார் என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. முழங்கால் சிராய்ப்புடன் பாடம் முடியும். அதன்பின் ஐம்பது ஆண்டுகளானாலும் அது மறப்பதில்லை.

திறன்பேசி அத்தகைய கருவியன்று. மிதிவண்டியில் பெடலையும் சங்கிலியையும் சக்கரத்தையும் கண்ணால் காணலாம். எது எதை இயக்குகிறது என்பது வெளிப்படை. திறன்பேசியில் இயக்கம் மறைவானது. நேற்று இருந்த இடத்தில் இன்று பொத்தான் இருப்பதில்லை; செயலி புதுப்பிக்கப்பட்டதும் திரையின் தோற்றமே மாறிவிடுகிறது. கைப்பிடியும் பிரேக்கும் ஓர் இரவில் இடம் மாறிவிட்ட மிதிவண்டியை எவர்தாம் துணிந்து ஓட்டுவார்? முதியோர் தயங்குவதற்கு மறதியைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம் எனலாம்.

எனினும் தயங்கி ஒதுங்கிவிடவும் இயலாது. சித்தூர்ப் பகுதியில் விடியற்காலையில் கேன்களைக் கட்டிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொண்டு செல்லும் உழவருக்குப் பால் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. நெல் கொள்முதலுக்கு சப்ளைகோ நிறுவனத்திடம் இணையவழிப் பதிவு செய்ய வேண்டும். ஊராட்சி அலுவலகத்தின் சேவைகளை இணையத்தில் வழங்கும் 'கே-ஸ்மார்ட்' முறை 2025 ஏப்ரலில் கிராம ஊராட்சிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மிதிவண்டியில் சென்று வரிசையில் நின்று முடித்த வேலைகள் பலவற்றுக்கு இப்பொழுது திரையே வாயில்.

விரலும் திரையும்

முதல் இடையூறு உடலைச் சார்ந்தது. திறன்பேசியின் திரையில் நுண்ணிய மின்புலம் பரவியுள்ளது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையதாதலால், விரல் படும் இடத்தில் அந்த மின்புலத்தில் மாறுதல் ஏற்படுகிறது. கருவி அதைக்கொண்டு தொட்ட இடத்தை அறிகிறது. ஈரப்பசையுள்ள மெல்லிய விரல் நுனிக்கு இது எளிது. மண்வெட்டியும் கைப்பிடியும் பிடித்துக் காய்ப்பேறிய விரல், முதுமையில் தோல் உலர்ந்த விரல் ஆகியவற்றைத் திரை சரிவர உணர்வதில்லை. உணரவில்லை என்று முதியவர் அழுத்துகிறார். அழுத்தம் நீடித்ததும் கருவி அதை வேறொரு கட்டளையாகப் பொருள்கொள்கிறது. பால் சிந்திய ஈரக் கையால் தொட்டாலோ, தொடாத இடமெல்லாம் தொட்டதாகக் கொள்கிறது.

இதற்கு நிவாரணம் பெரும்பாலும் கருவியினுள்ளேயே உண்டு. தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டிக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், வெயிலில் தெரியுமாறு திரையின் ஒளியைக் கூட்டலாம். மெல்லிய நுனியுடைய திரைக்கோல் ஒன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் இளையோர் தம் கண்ணுக்கும் விரலுக்கும் ஏற்ப அமைத்த கருவியை அப்படியே பெரியவரிடம் நீட்டிவிட்டு, 'இவருக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். கடைகளில் விற்கும்போதே இந்த மாற்றங்களைச் செய்து தருவது விற்பவருக்குப் பத்து நிமிட வேலை.

இதே காய்ப்பு கைரேகைப் பதிவிலும் தொல்லை தருகிறது. தேய்ந்த ரேகையைக் கருவி ஏற்பதில்லை. மத்திய அரசு 2014 நவம்பரில் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு வாழ்வுச் சான்றிதழ் முறையில், 2021 நவம்பர் முதல் திறன்பேசியின் ஒளிப்படக் கருவி மூலமே முகத்தைக் காட்டிச் சான்று பெற இடமளிக்கப்பட்டது. ரேகை தேய்ந்த கைகளுக்கு இது உண்மையான உதவி.

மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கே உரிய சில தொல்லைகளும் உண்டு. சட்டைப்பையில் வைத்த கருவி, குனிந்து பெடலை மிதிக்கையில் நழுவி விழுகிறது. மடியில் கட்டினால் வியர்வையில் நனைகிறது. ஓடும் வண்டியில் மணி ஒலித்தால் உடனே எடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில் ஒரு கையை விடுகின்றனர். ஒலிக்கும் அழைப்பைத் தவற விட்டாலும் பின்னர் அழைத்தவரின் எண் திரையில் நிற்கும் என்பதை முதல் நாளே கற்பிக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, காலைத் தரையில் ஊன்றிய பின்னரே எடுப்பது என்ற பழக்கம் அப்பொழுதுதான் படியும். விபத்து நேர்ந்தால் 112 என்ற ஒரே எண்ணை அழைக்கலாம் என்பதும் இந்த முதற்பாடத்தில் சேர வேண்டியது.

எண் யாருடையது?

விரலைக் காட்டிலும் பெரிய சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தமக்கெனக் கைபேசி இல்லாத காலத்தில் வங்கிக் கணக்குக்கும் ஆதாருக்கும் மகனுடைய எண்ணையோ பேரனுடைய எண்ணையோ கொடுத்தவர்கள் ஏராளம். கணக்கு பெரியவருடையது, அதைத் திறக்கும் ஒருமுறைக் கடவு எண் வந்து சேர்வதோ திருப்பூரிலோ எர்ணாகுளத்திலோ வேலை பார்க்கும் மகனின் கைபேசிக்கு. அவருடைய பணத்துக்கு அவரே அனுமதி கேட்க வேண்டிய நிலை. குடும்பத்தில் நல்லுறவு நிலவும் வரை இதில் உள்ள அபாயம் தெரிவதில்லை.

மற்றோர் அபாயமும் உண்டு. நெடுநாள் பயன்படாத எண் துண்டிக்கப்பட்டு, குறைந்தது 90 நாட்களுக்குப் பின்னர் வேறொரு வாடிக்கையாளருக்கு வழங்கப்படலாம். கைவிட்ட பழைய எண்ணை வங்கியில் மாற்றாமல் விட்டால், கணக்கைப் பற்றிய செய்திகள் முன்பின் அறியாதவருக்குச் சென்று சேரும். ஆகவே முதல் திறன்பேசி வாங்கியவுடன் செய்ய வேண்டிய காரியம், அதிலுள்ள எண்ணைத் தம் பெயரில் பெற்று, வங்கிக்கு நேரில் சென்று பதிவை மாற்றிக்கொள்வதுதான். அந்தப் பயணத்துக்கு மிதிவண்டியே போதும்.

2016-இல் நடைமுறைக்கு வந்த யூபிஐ பணப் பரிமாற்றம் எளிய மக்களுக்குப் பெரிதும் பயன்பட்டுள்ளது. அதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும், பணம் பெறுவதற்கு எந்த எண்ணையும் இட வேண்டியதில்லை. 'உங்களுக்குப் பணம் வந்துள்ளது, பின் எண்ணை இடுங்கள்' என்று எவரேனும் கூறினால் அவர் ஏமாற்றுக்காரர். காவல் அதிகாரி போல் காணொலியில் தோன்றி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்பது சட்டத்தில் இல்லாத ஒன்று; 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதுபற்றி எச்சரித்தார். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தெரிவிக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம். திறன்பேசியே வேண்டாம் என்பவர்களுக்கு, சாதாரணக் கைபேசியில் இணையமின்றிப் பணம் செலுத்த உதவும் 'யூபிஐ 123பே' வசதி 2022 மார்ச்சில் தொடங்கப்பட்டது. இது போதிய அளவு விளம்பரம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

மொழியும் மலையும்

எல்லைப் பகுதித் தமிழருக்கு இன்னொரு சுமை உண்டு. சித்தூர் வட்டம் முன்பு கொச்சி இராச்சியத்தையும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரையும் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது இவை கேரளத்துடன் அமைந்தன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியது. ஆனால் குறுஞ்செய்திக்கு அந்தச் சட்டம் எட்டியதாகத் தெரியவில்லை. மலையாளத்தைச் சரளமாகப் பேசியும் படிக்க அறியாத முதியோர், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும் செய்தியை யாரிடமாவது காட்டித்தான் பொருள் அறிகின்றனர். காட்டும் அந்தச் செய்தியில் கடவு எண்ணும் இருக்கலாம்! கருவியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுவதும், எழுத்தைத் தட்டுவதற்குப் பதிலாகத் தமிழில் பேசிப் பதிவு செய்வதும் இன்று எளிதாகிவிட்டன. செய்திகளை அனுப்பும் துறைகளும் வங்கிகளும் இன்னும் ஓரடி முன்வர வேண்டும்.

மலைப்பகுதியில் மொழிக்கு முன்னரே அலைவரிசைச் சிக்கல் வந்து நிற்கிறது. பள்ளத்தாக்கில் உள்ள குடியிருப்புக்கும் கோபுரத்துக்கும் இடையே ஒரு மேடு குறுக்கிட்டால் போதும், தொடர்பு அற்றுவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் கோபுரமும் ஓய்ந்துவிடும். 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மண்சரிவு மூடியது. எழுபது உயிர்கள் பறிபோன அந்தத் துயரச் செய்தி, மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. கையில் கருவி இருப்பதும் அது இயங்குவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. மலையோரத்தில் முதியவருக்குத் திறன்பேசி வாங்கித் தருவோர், எந்த நிறுவனத்தின் அலைவரிசை அவ்வீட்டு வாசலில் கிடைக்கிறது என்பதை முதலில் பார்ப்பது நலம்.

கேரியரைப் பிடித்த கை

வயது வந்தோருக்குக் கருவியொன்றைக் கற்பித்ததில் தமிழகத்துக்கு அரிய அனுபவம் ஒன்று உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டிகளையே வாங்கி ஓட்டினர். கல்லுடைக்கும் தொழிலாளியும் அங்கன்வாடிப் பணியாளரும் அதில் அடக்கம். அன்று இளமையில் கற்ற அப்பெண்களே இன்று பாட்டிமாராகித் திறன்பேசியை எதிர்கொள்கின்றனர். அந்த இயக்கத்தின் வெற்றி உபகரணத்தில் இல்லை. பயிற்சி அவரவர் ஊரிலேயே, தெரிந்த முகங்களால் நடந்தது. வண்டியின் கைப்பிடி எப்பொழுதும் கற்பவரிடமே இருந்தது.

திறன்பேசியைக் கற்பிப்பதில் பிழைபடும் இடம் இதுவே. பேரன் கருவியைத் தன் கையில் வாங்கி, நான்கு முறை தட்டி, 'இவ்வளவுதான் தாத்தா' என்று திருப்பித் தருகிறான். தாத்தா கண்டது பேரனின் விரல் வேகத்தை மட்டுமே.

கேரள அரசின் 'டிஜி கேரளம்' திட்டம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022-இல் முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அம்முயற்சி மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. மத்திய அரசின் ஊரக மின்னணு எழுத்தறிவுத் திட்டம் 14 முதல் 60 வயது வரையுள்ளோருக்கே உரியதாக இருந்தது. கேரளம் அந்த மேல்வரம்பை நீக்கியது. கணக்கெடுப்பில் மின்னணு எழுத்தறிவு அற்றவர்களாகக் கண்டறியப்பட்டோர் 21.88 லட்சம் பேர். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் வீடுகளுக்கும் தொழிலிடங்களுக்கும் சென்று பயிற்சி அளித்தனர். 2025 ஆகஸ்டு 21-இல் கேரளம் முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக முதலமைச்சரால் அறிவிக்கப்பட்டது. பயின்றவர்களுள் நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவரும் இருந்தார்.

அறிவிப்பு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்ட பின்னரும், கற்றவர்கள் மறந்துவிடாதிருக்கத் தொடர்கல்வி தேவைப்பட்டது. அதற்கெனவே 1998-இல் மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் அமைக்கப்பட்டது. எழுத்தாவது மாறாதது, திரை மாறிக்கொண்டே இருக்கிறது. பயிற்சி முடிந்த ஒரு மாதத்துக்குப் பின்னரே முதியோரின் உண்மையான கேள்விகள் எழுகின்றன. திரை ஏன் இருண்டது, யாரோ அனுப்பிய இணைப்பைத் தொடலாமா, சங்கத்திலிருந்து வர வேண்டிய பணம் எந்தக் கணக்கில் உள்ளது என்பன போன்றவை அவை. கேரளத்தின் கிராமங்கள்தோறும் நூலகங்கள் உள்ளன. எல்லையோர ஊர்களின் நூலகங்களில் வாரத்தில் ஒரு மாலை, தமிழ் அறிந்த தொண்டர் ஒருவர் அமர்ந்திருந்தால் போதும். வாசலில் மிதிவண்டி நிறுத்த இடமும் இருக்கிறது.