துளை முதலில், மணி பிறகு

மலேசியாவின் மலையூரான பிரிஞ்சாங்கிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி, ஈப்போவைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனால் பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் காடு வரும். அங்குள்ள கோல செலின்சிங்கில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் அகழாய்வு செய்தார். கிடைத்தவற்றில் கண்ணாடிப் பாசிமணிகள் ஏராளம். சில கடுகளவுதான்.

கடுகளவு கண்ணாடியில் நூல் நுழையத் துளை போட்டது எப்படி? யாரும் போடவில்லை. துளையைச் செய்துவிட்டுத்தான் மணியைச் செய்தார்கள்.

இந்தக் கைவேலையின் பழைய பெரிய மையம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த ஊர் அது. இவ்வகை மணிகள் கடல் கடந்து வெகுதூரம் கிடைப்பதால், ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். அரிக்கமேட்டு உலைகள் எப்போதோ அணைந்துவிட்டன. ஆனால் ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் இவ்வேலை நடந்ததால் செய்முறை நமக்குத் தெரிகிறது.

உருகிய கண்ணாடியைக் கம்பியில் திரட்டி, கல்லில் உருட்டிக் கூம்பாக்குவார்கள். அதை 'லாடா' என்ற நீண்ட இரும்புக் குழாயின் முனையில் ஏற்றி, குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுக் கூம்பின் நடுவே துளைப்பார்கள். மறுபடி உலைக்குள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்குவார். கண்ணாடி பாகுபோல நீளும். நடுவிலுள்ள துளையும் கூடவே நீண்டு மெலியும். மணிக்கணக்கில் கை ஓயாமல் இழுக்க வேண்டும். வேகம் மாறினால் குழலின் பருமனும் மாறிவிடும்.

கண்ணாடி ஊதுபவர் குழாய் வழியே மூச்சை விட்டு உட்குழிவு உண்டாக்குகிறார். இங்கே அதைக் கம்பி செய்கிறது. இரண்டு வேலையும் கண்ணாடி இளகியிருக்கும்போதே முடிந்தாக வேண்டும்.

ஆறிய குழல்களைக் கத்திமேல் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். விளிம்பு கூராக இருக்கும். சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கினால் அந்த விளிம்பு மழுங்கி உருண்டையாகும். சாம்பல் உள்ளே புகுந்துகொள்வதால் துளை அடைபடாது. மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டா.

இழுத்த மணியா, கம்பியில் சுற்றிய மணியா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தே சொல்லலாம். சுற்றிய மணியில் காற்றுக்குமிழிகளும் கோடுகளும் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். இழுத்த மணியில் அவை துளையோடு இணையாக, இழுத்த திசையிலேயே நீண்டு கிடக்கும்.